ஒரு விரல் மிச்சம்

போன வாரம் சைக்கிளுக்குப் போர்வை போர்த்திவிட்டு ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், இந்த வாரமும் அப்படியேதான் இருக்கிறார்கள். நடுவில் எட்டு நாள் ஓடிவிட்டது. பிடிவாதத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு.

இப்போதுதான் உள்ளே வருகிறவர்களுக்காக நாலு வரி. அண்ணன் லிப்ட் மெக்கானிக். தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். மலைப்பாதையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறாள். அதற்குப் பெயர் வைக்கவில்லையே தவிர, மற்றபடி பெற்ற பிள்ளை மாதிரிதான். எட்டு நாளைக்கு முன் ஒரு காலை அதன் முன் ஃபோர்க் கெட்டுப்போயிருந்தது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, பள்ளத்தில் அமுங்கி மேட்டில் எழும் இரட்டைக்கால் அது. எண்ணெய் கசிந்து, எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காமல் விறைத்து நின்றது. சைக்கிள் நிற்கிற பக்கத்துச் சந்தில் அன்று காலைதான் அண்ணன் வேனைப் பின்னால் எடுத்திருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்?

"உன் வண்டி மட்டும்தான் உனக்கு வண்டி. மத்தவங்களோடது குப்பை, இல்ல?" என்று சின்னவள் வெடித்தாள்.

"நான் இடிக்கல" என்றார் அண்ணன் முதல் நாள். இரண்டாம் நாள் "இடிச்ச மாதிரி தெரியல" என்றார். மூன்றாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் வேனின் பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். நான்காம் நாள் யாரிடமும் சொல்லாமல் புது ஃபோர்க்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். நேற்று பெட்டி வந்து சேர்ந்தது.

இடிக்காத மனிதர், இடித்துவிட்டோம் என்று நம்பியே விட்டார்.

இடித்தது யார் என்று எனக்குத் தெரியும். போன வாரம் படித்த உங்களுக்கும் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்தவள் அண்ணி. இடித்தவளே அவள்தான்.

அண்ணி தையல்காரி. வீட்டு முன்னறைதான் தையல்கடை. தெருவில் முக்கால்வாசிப் பேர் உடம்பின் அளவு அவள் நோட்டில் இருக்கிறது, இருந்தும் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாள். அந்த நல்ல பழக்கம்தான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமை காலை. துணி வெட்டும் பெரிய மேஜையிலிருந்து, ஓட்டல் ஆட்களுக்குத் தைக்க வேண்டிய பன்னிரண்டு சட்டைகளையும் அண்ணி அலமாரிக்கு மாற்றினாள். மேஜை மேல் பழைய போர்வையை விரித்தாள். சின்னவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கடையில் கொடுத்தால் இரண்டு வாரம் ஆகுமாம். நாளைக் காலை அவளுக்கு மலையில் சிநேகிதிகளோடு ஓட்டம் இருக்கிறது. தானே மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

"அண்ணி, ரப்பர் சுத்தியல் எங்கேனு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க."

வீட்டுக்காரர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேஜைக்கு அடியில வெச்சாச்சுனு அவகிட்ட சொல்லு. ரம்பம், கிளாம்ப், கிரீஸ், அரம் எல்லாம் இருக்கு."

"நான் சுத்தியல் மட்டும்தான் கேட்டேன்னு சொல்லுங்க."

"புது ஃபோர்க்கோட குழாயைக் கோணலா அறுத்துடாம இருக்கச் சொல்லு."

"எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

நடுவில் நின்ற அண்ணி ஒன்றையும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்று, மேஜைப் போர்வையில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டு நின்றாள்.

அண்ணன் எழுந்தார். "எட்டாவது மாடியில லிப்ட் நிக்குதாம். அதை முடிச்சுட்டு வேன்ல ஒரு சின்ன வேலை இருக்கு. மத்தியானம் வந்துடுவேன்" என்று அண்ணியிடம் சொன்னார். பிறகு வாசலில் நின்று, சுவரைப் பார்த்து, "பாத்துப் பண்ணுங்க" என்றார். சுவர் பதில் சொல்லவில்லை. போய்விட்டார்.

புது ஃபோர்க் ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும். இதுதான் அண்ணி நேற்று பெட்டியைப் பார்த்ததும் தனக்குத் தானே வைத்துக்கொண்ட கெடு. ஏறிவிட்டால் கணக்கு முடிந்த மாதிரி ஆகிவிடும், பிறகு வாயைத் திறக்கத் தனக்குத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். முதல் நாளே சொல்லத்தான் இருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணனும் தங்கையும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த நாள் சொன்னால், "நேத்து ஏன் சொல்லல?" என்பார்கள். அப்படியே எட்டு நாள்.

வேலை தொடங்கியது. சின்னவள் முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். பிரேக்கை அவிழ்த்து ஒயரோடு ஓரமாகக் கட்டினாள். ஹேண்டில்பாரைக் கழற்றினாள். அதன் அடியிலிருந்த வளையங்களை, வரிசை மாறாமல், அண்ணியின் பொத்தான் டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஃபோர்க்கைப் பிடிச்சுக்கோங்க அண்ணி, கீழ விழுந்துடும்."

அண்ணி வலது கையால் பிடித்தாள். சின்னவள் மேலிருந்து ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினாள். சைக்கிளின் கழுத்துக்குள் செருகியிருந்த நீளக் குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கி, பழைய ஃபோர்க் அண்ணியின் கைக்கு வந்தது. கறுத்த கிரீஸும் மண்ணுமாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

அதை மேஜையில், புது ஃபோர்க்குக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள் சின்னவள். வைத்தவள் கையை எடுக்கவில்லை.

குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் சேர்த்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு நாளைக்கு நாற்பது எலும்பைப் பார்க்கிற கண்.

"அண்ணி, இது வேன் இல்ல."

அண்ணி கையிலிருந்த கிரீஸைத் துணியில் அழுத்தித் துடைத்தாள்.

"பாருங்க. ரெண்டு காலும் ஒரே மாதிரி பின்பக்கமா வளைஞ்சிருக்கு. துளிதான், ஆனா வளைஞ்சிருக்கு. சுவத்துல சாஞ்சு நிக்கற சைக்கிளை வேன் நசுக்கினா பக்கவாட்டுலதான் வளையும். இது நேரா போய் எதுலயோ மோதியிருக்கு. மேல ஆள் இருக்கும்போது."

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் எட்டு நாளாகச் சைக்கிளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, போர்வை போட்டு மூடி வைத்துவிட்டாள். அண்ணனைப் பேசிய பேச்செல்லாம் இப்போது ஒவ்வொன்றாக அவளுக்கே திரும்பி வந்தது.

"அண்ணி, நான்தான் இடிச்சிருக்கேன்."

"நீயா?"

"வேற யாரு? அந்த வாரம் முழுக்க நைட் டியூட்டி. தூக்கக் கலக்கத்துல எங்கயோ மோதிட்டு வந்து நிறுத்தியிருக்கேன். எனக்கு ஞாபகமே இல்ல."

சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. ஏதோ சொல்ல அண்ணி வாயெடுத்தாள்.

"சரி, வேலையை முடிப்போம்" என்று சின்னவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கிரீஸ் கோடு விழுந்தது. "புதுசோட குழாய் நீளமா வரும். பழையதோட அளவுக்கு அறுக்கணும். நீங்க கோடு போடுங்க. உங்க கைதான் சுத்தம்."

அண்ணி காதோரம் செருகியிருந்த சாக்பீஸை எடுத்தாள். துணியில் கோடு போடும் அதே நீலச் சாக்பீஸ். பழைய குழாயைப் புதுக் குழாயோடு சேர்த்து வைத்து, அளவு நாடாவைச் சுற்றி, ஒரே இழுப்பில் வட்டக்கோடு போட்டாள். மனம் எங்கோ இருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

குழாயை மேஜை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள்.

"ஆடுது. அந்தப் பக்கம் ரெண்டு கையாலயும் பிடிங்க அண்ணி."

அண்ணி தயங்கினாள். முழுக்கைச் சட்டையின் இடது கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பிடித்தாள். ரம்பம் இறங்கியது. அதன் அதிர்வு குழாய் வழியாக ஏறி, நேராக அவள் இடது மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சின்னவள் அறுத்துக்கொண்டே பேசினாள். "வந்ததும் அண்ணன் கால்லயே விழப்போறேன்."

கரக், கரக்.

"அது கூடப் பரவால்ல அண்ணி. திங்கக்கிழமை போய் எங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடணும், என்னை மெஷின்லேருந்து எடுத்துடுங்கனு. சைக்கிள்ல போய் மோதினதே ஞாபகம் இல்லாதவ, நாளைக்கு ஒருத்தர் இடது காலுக்கு வலது காலைப் படம் எடுத்து அனுப்பிட்டா?"

கரக், கரக்.

முதலில் கணவர். இப்போது இவள். தான் செய்த தப்பை வீட்டில் ஒவ்வொருவராக வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவள் வேலையையே விட்டுவிடுவாள் போலிருக்கிறது.

"நிறுத்து!"

ரம்பம் பாதியில் நின்றது. "என்ன? அளவு தப்பா?"

"அளவு இருக்கட்டும். நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"சைக்கிளை எடுத்தது. மோதினது. உனக்கு ஞாபகம் இல்லாம போகல. நீ மோதவே இல்ல. நான்தான்."

சின்னவள் ரம்பத்தைக் குழாயிலேயே விட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"உங்களுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே?"

"அதான் மோதினேன்."

ஐந்து வாரக் கதை அது. சின்னவள் நைட் டியூட்டி முடிந்து தூங்குகிற காலைகளில், விடிந்ததும், சைக்கிளை உருட்டிக்கொண்டு பூட்டிக்கிடக்கும் கிடங்கின் பின்பக்கத்துக்குப் போய்விடுவாள் அண்ணி. முதல் வாரம் உருட்டினாள். இரண்டாம் வாரம் விழுந்தாள். நான்காம் வாரம் வட்டமடித்தாள். ஐந்தாம் வாரம் தைரியம் முற்றி, சரக்கு ஏற்றும் சரிவிலிருந்து கீழே விட்டுப் பார்த்தாள்.

"கீழ ஒரு கான்கிரீட் கட்டை இருந்துது. அதுல இடிச்சுடக்கூடாதுன்னு அதையே பாத்துட்டு வந்தேன். நேரா அதுலயே போய் மோதினேன். பாக்கற இடத்துக்குத்தான் வண்டி போகும்னு எனக்கு யாரும் சொல்லல."

சின்னவளின் உதடு துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆனால் வந்தது கோபம்தான்.

"எட்டு நாள் அண்ணி! சைக்கிள் போகட்டும், அது உலோகம். அவன் மூஞ்சியைப் பாத்தீங்களா இந்த எட்டு நாளா? டார்ச் வெச்சு வேனைத் தடவிட்டு நின்னானே, அப்ப எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்." அண்ணியின் குரல் கீழே போயிற்று. "டார்ச்சைப் பிடிச்சுட்டு நின்னதே நான்தான்."

சின்னவள் விருட்டென்று திரும்பி சந்துப்பக்கம் போய்விட்டாள்.

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மேஜையில் பாதி அறுபட்ட குழாய், அதில் செருகிய ரம்பம். பொத்தான் டப்பாவில் வளையங்கள். எதையாவது செய்ய வேண்டும் என்று பழைய ஃபோர்க்கின் அழுக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டி, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

சற்று நேரத்தில் சின்னவள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏன் திருட்டுத்தனமா எடுத்தீங்க? கேட்டா நான் தரமாட்டேனா? நானே சொல்லித் தந்திருப்பேனே."

"கேட்டேன். போன வருஷம். சைக்கிள் ஓட்டக் கத்துக்கணும்னு சாப்பிடும்போது சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. தையல் மெஷினை மிதிச்சு மிதிச்சுத் தேஞ்ச காலுக்கு சைக்கிள் எதுக்குனு நீ கேட்ட."

"நானா? நான் அப்படிச் சொல்லவே..."

சொல்லவே இல்லை என்று முடிக்க வந்தவளுக்கு, பாதியில் அந்தச் சாப்பாட்டு நேரம் ஞாபகம் வந்துவிட்டது. நல்ல நகைச்சுவை என்று அன்று இரண்டு தடவை வேறு சொல்லியிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அண்ணியின் சட்டைக் கையைப் பார்த்தாள். எட்டு நாளாக முழுக்கைச் சட்டை. ரம்பம் இறங்கியபோது அண்ணியின் முகம் போன போக்கு. அவளுடைய தொழில்மூளை விழித்துக்கொண்டது.

"கையைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல, சுளுக்கு."

"காட்டுங்கங்கறேன்."

சட்டையை மேலே தள்ளினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. சின்னவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். "பெருவிரலைத் தூக்குங்க. இந்தக் குழி இருக்கு பாருங்க, பெருவிரல் அடியில. இங்க அமுக்கினா?"

அண்ணி துள்ளிவிட்டாள்.

"இந்தக் கையோடயா எட்டு நாளா தைச்சீங்க?"

"ஒரு கை பிடிச்சா ஒரு கை தள்ளும். பழக்கம்தானே."

"இங்க முந்திரிப்பருப்பு அளவுல ஒரு எலும்பு இருக்கு. விரிசல் விட்டா முதல்ல படத்துலகூடத் தெரியாது. கவனிக்காம விட்டா ஒட்டவே ஒட்டாது. அப்புறம் ஊசியே பிடிக்க முடியாது." அவள் குரலில் இப்போது கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இதைப் பாதியில விட்டுட்டு நான் வரமாட்டேன். எட்டு நாள் பொறுத்த கை, இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கும்."

"நாளைக்கு நான் மலைக்கே போகல அண்ணி."

"நீ போகாட்டி போ. சைக்கிள் நிக்கணும். நான் ஒடைச்சது சரியானதை நான் பாக்கணும்."

பிடிவாதம் அண்ணன் தங்கைக்கு மட்டும் சொந்தமில்லை என்று சின்னவளுக்குப் புரிந்தது. புது ஃபோர்க் வந்த அட்டைப் பெட்டியைக் கத்தரித்து, கையின் வளைவுக்கு மடித்து, துணி நாடாவால் பெருவிரலோடு சேர்த்துக் கட்டினாள். கட்டு நேர்த்தியாக இல்லை என்று தையல்காரி குறை சொன்னாள். "வாயை மூடிட்டு உக்காருங்க" என்றாள் சின்னவள்.

மீதியை அவள் ஒருத்தியாகவே அறுத்தாள். துண்டு டக்கென்று விழுந்தது. பிசிறை அரத்தால் தேய்த்தாள். மேல் மூடியின் திருகு பிடிப்பதற்கான நட்டைக் குழாய்க்குள் தட்டி இறக்கினாள். பழைய ஃபோர்க்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பேரிங் வளையத்தை, சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டிக் கழற்றி, புதியதில் ஏற்றினாள். அண்ணி ஒற்றைக் கையால் பேரிங்குக்கு கிரீஸ் தடவினாள். குழாய் சைக்கிளின் கழுத்துக்குள் அழகாக ஏறியது. வளையங்கள் ஏறின. ஹேண்டில்பார் ஏறியது.

"அய்யய்யோ."

"என்ன?"

"குழாய் மேல துருத்திட்டு நிக்குது பாருங்க. ஒரு விரல் அதிகம். பழைய அளவுக்குத்தானே கோடு போட்டீங்க?"

அண்ணி எட்டிப் பார்த்தாள். தன் கட்டைவிரலை வைத்து அளந்தாள். அவள் முகத்தில் அசடு வழிந்தது.

"மடிப்புக்கு விட்டிருக்கேன்."

"என்ன மடிப்பு?"

"எதை வெட்டினாலும் உள்ள ஒரு விரல் மடிச்சு வைப்பேன். பின்னால உடம்பு பெருத்தா பிரிச்சு விடலாம்ல. யோசிக்கவே இல்ல, கை பாட்டுக்கு விட்டுடுச்சு."

"சைக்கிள் என்ன பெருக்கவா போகுது?"

சொன்னதும் இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எட்டு நாளைக்குப் பிறகு அந்த முன்னறையில் கேட்ட முதல் சிரிப்பு. சின்னவள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணிக்குச் சிரிப்பில் கை வலித்தது.

"திரும்ப அறுத்துடலாமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் அண்ணி.

சின்னவள் ரம்பத்தைப் பார்த்தாள். பிறகு தன் பழைய டப்பாவைக் குடைந்து, உதிரியாகக் கிடந்த இரண்டு வளையங்களை எடுத்து, ஹேண்டில்பாருக்கு அடியில் போட்டாள். குழாயின் துருத்தல் மறைந்தது. ஹேண்டில்பார் ஒரு விரல் உயர்ந்து நின்றது. மேல் மூடியைத் திருகி, சக்கரத்தையும் பிரேக்கையும் மாட்டி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாள். கடகடவென்ற ஆட்டம் எதுவும் இல்லை. மேலே சாய்ந்து அழுத்தினாள். ஃபோர்க் மெத்தென்று அமுங்கி, எழுந்தது.

"அறுக்க வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்றாள். "பிடி கொஞ்சம் உயரமா இருந்தா புதுசா ஓட்டறவங்களுக்கு வசதி. கை சரியானதும் நான் சொல்லித் தர்றேன். கட்டையைப் பாக்காம எப்படி ஓட்டறதுனு."

அண்ணி நாத்தனாரின் கன்னத்திலிருந்த கிரீஸைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள்.

அப்போது சந்தின் முனையில் வேன் சத்தம் கேட்டது. கூடவே இதுவரை கேட்காத ஒரு சத்தம்.

பீப். பீப். பீப்.

"என்ன அது?"

சத்தம் நின்றது. வேன் கதவு திறந்தது. யாரோ இறங்கி, பின்னால் வந்து பார்த்து, திரும்ப ஏறினார்கள். கதவு மூடியது. மறுபடி பீப், பீப். நாலடி. மறுபடி நின்றது. மறுபடி இறங்கினார்கள்.

வேனில் ஒரு சின்ன வேலை என்று காலையில் அவர் சொன்னது இருவருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"பின்னால எடுத்தா கத்தற கருவி மாட்டியிருக்கான்." சின்னவள் வாசற்பக்கம் திரும்பினாள். "அண்ணி, நான் போய்ச் சொல்றேன். நீங்க இருங்க."

"வேண்டாம். நான் ஒடைச்சதை நான்தான் சொல்லணும். நீ கூட வந்து நில்லு, போதும்."

அண்ணி கட்டுப்போட்ட கையைச் சட்டைக்குள் மறைக்கவில்லை. சந்தில் இறங்கி, மெல்ல மெல்லப் பின்னால் வந்துகொண்டிருந்த வேனுக்கு நேராகப் போய் நின்றாள். வேன் குலுங்கி நின்றது. அண்ணன் பதறிப்போய் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"நகரு, நகரு! சத்தம் கேக்கல? இடிச்சுடப் போறேன்!"

"இடிக்க மாட்டீங்க" என்றாள் அண்ணி. "அன்னிக்கும் நீங்க இடிக்கலங்க."